ஒன்றரை மீற்றர் வயர்

பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கென்றே தனியாக மின்வயர்கள் விற்கிறார்கள் என்பது நம் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. வேறொன்றுமில்லை, அம்ப்ளிபயரின் முதுகிலிருந்து சுவரிலுள்ள பிளக் வரை போகிற வயர்தான். கணினிக்கு வருகிறதே, அதே தலை, அதே மூன்று துளை. ஆனால் இது கைப் பெருவிரல் மொத்தம் இருக்கும். மேலே பாம்புச் சட்டை மாதிரிப் பின்னிய உறை. இரு முனையிலும் பொன்முலாம். நகைப் பெட்டி போன்ற ஒரு பெட்டியில் சுருட்டி வைத்துத் தருவார்கள். விலை சில ஆயிரம் ரூபாவில் தொடங்கி இலட்சங்களில் போய் நிற்கிறது.

இதை மாட்டினால் பாட்டுத் தெளிகிறதாம். பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறதாம். மத்தளத்தின் அடி இறுகி வருகிறதாம். விற்பவன் இப்படிச் சொன்னால் அதற்குக் காரணம் நமக்குத் தெரியும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவனும் அதையே சொல்கிறான், பொய் சொல்லும் நோக்கம் இல்லாமல், கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொல்கிறான். அதுதான் என்னை இந்த விடயத்துக்குள் இழுத்தது.

என் தங்கச்சியின் மாப்பிள்ளை 14 வருடம் கட்டாரில் லொறி ஓட்டியவர். ஊரோடு வந்து சேர்ந்ததும் வீட்டுக்குக் கூரை மாற்றினார், மூத்த மகளுக்குக் காணித்துண்டு ஒன்று எழுதினார், அதன் பிறகு தனக்கென்று ஒரேயொரு ஆசையை நிறைவேற்றினார். நல்லதொரு அம்ப்ளிபயரும் ஒரு சோடி ஸ்பீக்கரும். “பதினாலு வருசம் கண்டவன்ட பாட்டக் கேட்டுக்கிட்டு லொறி ஓட்டின நான் மச்சான், இனி என்ட பாட்ட நான் கேக்கப்போறன்” என்றார். இதில் குறை சொல்ல யாருக்கு உரிமையிருக்கிறது? எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவர் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து நாகூர் ஹனிபாவைக் கேட்பது எனக்கும் ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது.

அந்தக் கடைக்காரர்தான் வயரின் கதையை எடுத்துவிட்டவர். ஒரு கிழமைக்கு வீட்டில் போட்டுக் கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள் என்று சொல்லி முற்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பியிருந்தார். விலை 65,000 ரூபா. மச்சான் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். கேட்டார் என்றால், மாஸ்டரும் ஓம் என்று சொல்லிவிட்டால் தங்கச்சியிடம் கதைப்பது இலேசு என்பதுதான் உள்நோக்கம்.

கலாசாலையில் நான் பயின்றது விஞ்ஞானம். எழுத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே முதலில் கணக்கைப் போட்டேன்.

சாதாரணமாக அம்ப்ளிபயரோடு வருகிற வயரில் செப்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு முக்கால் சதுர மில்லிமீற்றர். ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு, போக ஒரு கம்பி வர ஒரு கம்பி என்று மூன்று மீற்றராக எடுத்தால் அதன் தடை ஏறத்தாழ 0.07 ஓம். அம்ப்ளிபயர் 200 வாற்று இழுக்கிறது என்று வைப்போம். விறாந்தையில் அவ்வளவு இழுக்கும்படி பாட்டு வைத்தால் அயலவர் வேலியைப் பிரித்துக்கொண்டு வருவார், இருந்தாலும் வைப்போம். மின்னோட்டம் ஓர் அம்பியருக்கும் குறைவு. வயரில் இழக்கப்படுவது 0.06 வோல்ற்று. பெருவிரல் மொத்த வயரில் இரண்டரை சதுர மில்லிமீற்றர் செம்பு இருந்தால் இழப்பு 0.02 ஆகக் குறையும். மிச்சம் 0.04 வோல்ற்று. அம்ப்ளிபயர் மின்னோட்டத்தை ஒரே சீராக இழுப்பதில்லை, அலையின் உச்சியில் மாத்திரம் வெடுக் வெடுக்கென்று பல மடங்காக இழுக்கிறது என்பதும் உண்மை. அதற்காக ஐந்தால் பெருக்கினாலும் 0.2 வோல்ற்றுக்கு மேல் போகாது. 230 வோல்ற்றில் இது எம்மட்டு?

இதே நாட்டில் விதிப்படியே அந்த 230 என்பது மேலும் கீழும் 6 சதவீதம் அசையலாம். அதாவது 216 இலிருந்து 244 வரை. நான் மீற்றரை வைத்துப் பார்த்தேன். மஃரிபுக்குப் பிறகு ஊரே விளக்கும் விசிறியும் போட்டிருக்கிற நேரம் மச்சான் வீட்டுச் சுவரில் 218. நடுநிசி தாண்டியதும் 237. ஒரே இராவில் 19 வோல்ற்று வித்தியாசத்தை முகம் சுளிக்காமல் தாங்கிக்கொண்டு பாடுகிற பெட்டி, இந்தக் கால்வாசிக்கும் குறைந்த வோல்ற்றுக்காகவா குரலை மாற்றிக்கொள்ளும்?

அதோடு அந்த மின்சாரம் வந்த வழியையும் யோசிக்க வேண்டும். நுரைச்சோலையில் எரிந்த நிலக்கரியிலிருந்தோ விக்டோரியாவில் விழுந்த தண்ணீரிலிருந்தோ புறப்பட்டு, மலை காடு தாண்டி, எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள நிலைமாற்றிக்கு வந்து, அங்கிருந்து நூற்றுக்கணக்கான மீற்றர் அலுமினியக் கம்பியில் தொங்கி, வீட்டுச் சுவருக்குள்ளே சாதாரண வயரில் ஓடி, கடைசியில் பிளக்கினுள்ளே ஓர் அங்குல நீளமுள்ள உருகிக்குள் நுழைகிறது. அந்த உருகிக்குள் இருப்பது மெல்லிய இழை. அதையும் தாண்டித்தான் பொன்முலாம் பூசிய ஒன்றரை மீற்றர். (உருகியையும் விசேடமாகச் செய்து விற்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். நோய்க்கு எல்லையில்லை.) வயரின் மேலே ஓர் அம்புக்குறி வேறு, மின்சாரம் இந்தத் திசையில் போக வேண்டுமென்று. நமக்கு வருவது ஆடலோட்டம். விநாடிக்கு 50 தடவை போய் 50 தடவை திரும்புகிறது. அம்புக்குறிக்கு அது எப்படிக் கட்டுப்படும் என்று தரம் 10 பிள்ளையே கேட்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தில் பாட்டு இல்லை. பாட்டு வேறு வழியாக, சீடீயிலிருந்தோ போனிலிருந்தோ, மெல்லிய இன்னொரு வயரில் வருகிறது. சுவர் மின்சாரம் பெட்டிக்குள் போனதும் நிலைமாற்றி அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது, சீராக்கி அதை நேரோட்டமாக்குகிறது, பிறகு பெரிய கொள்ளளவிகளில் அது தேங்கி நிற்கிறது. நம் வீடுகளில் கிணற்றடி மோட்டர் மேலே தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது, நாம் பைப்பைத் திறந்து குளிப்பது தாங்கித் தண்ணீரில். மோட்டரிலிருந்து தாங்கிக்குப் போகிற குழாயின் கடைசி முழத்தை வெள்ளியில் செய்து போட்டால் குளிக்கிற தண்ணீர் குளிருமா? மச்சானிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

“நீங்க கணக்கால கேக்கிறீங்க மச்சான். நான் காதால கேக்கிறன்.”

அந்த வார்த்தையை நான் இலேசாகத் தள்ளவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. கணக்கில் வராத எதுவும் உலகத்தில் இல்லை என்று சொல்கிற ஆசிரியனை எனக்கும் பிடிக்காது. கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் அதற்கு மறுமொழி கணக்கல்ல, கேட்டுப் பார்ப்பதுதான். ஆனால் எந்த வயர் மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும்.

நம் பரீட்சைகளில் விடைத்தாளின் மேலே பிள்ளையின் பெயர் இருப்பதில்லை, சுட்டெண்தான் இருக்கிறது. ஏன்? புள்ளியிடுகிறவர் கள்ளர் என்பதாலா? இல்லை. நேர்மையான மனிதனுடைய கண்ணும், கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயரைக் கண்டுவிட்டால் அரைகுறை விடையிலும் முழு விடையைக் காணும். கவிதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்த நண்பர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவர். பெயரை மூடிக் கொடுத்தால் பெரிய கவிஞரின் கவிதை மூன்றாமிடத்துக்குப் போவதும், யாரென்றே தெரியாத ஒரு பிள்ளையின் கவிதை மேலே வருவதும் நடக்கிற காரியங்கள்தானே. கண்ணுக்கு உள்ள நோய் காதுக்கும் உண்டு.

அமெரிக்காவில் இதை வயருக்கே செய்து பார்த்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோப் பகுதியின் ஒலி ரசிகர்கள் கூடி நடத்திய அந்தச் சோதனையின் விபரம் 2004 டிசம்பரில் வெளிவந்தது. ஒரு பக்கம் கருவியோடு வருகிற சாதாரண வயர், மறுபக்கம் ஒன்று 2,500 டொலர் விலையான வயர். ஒரு டொலர் 300 ரூபா என்று பிடித்தாலும் ஏழரை இலட்சம். கேட்டவர்கள் வழியில் போனவர்கள் அல்லர், இதிலேயே ஊறியவர்கள், வயரில் நம்பிக்கை வைத்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். எல்லோருடையதையும் கூட்டினால் 149 தடவையில் 73 தடவை சரியாகச் சொல்லியிருந்தார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

மச்சான் அமெரிக்காக்காரனின் காதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் விறாந்தையிலேயே செய்வோம் என்றேன். அம்ப்ளிபயரை அலுமாரிக்குப் பின்னால் நகர்த்தி முன்னால் படுக்கை விரிப்பொன்றைத் தொங்கவிட்டோம். வயர் மாற்றும் வேலை என் மகனுக்கு. ஒவ்வொரு தடவையும் சுவிட்சை நிறுத்தி, நாணயம் சுண்டி, தலை விழுந்தால் தடித்தது, பூ விழுந்தால் மெல்லியது. மெல்லியதே திரும்ப வந்தாலும் கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சத்தம் கூட்டுகிற திருகியில் ஒட்டுத்தாள். இதை நான் முக்கியமாக வற்புறுத்துவேன், ஏனென்றால் மயிரிழை அளவு சத்தம் கூடினாலும் காது அதைச் சத்தம் என்று அறியாது, தெளிவு என்றே அறியும். ஒரே பாட்டின் ஒரே அடிகள். மச்சான் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் இரண்டு தடவையும் உடனே சொன்னார். மூன்றாவதுக்குத் திரும்பப் போடச் சொன்னார். ஐந்தாவதுக்குப் பிறகு முகத்தில் வியர்வை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாட்டை அனுபவிக்க வந்த மனிதனைப் பரீட்சைக்கு உட்கார வைத்துவிட்டோம். தங்கச்சி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது தடவை செய்வதென்று ஏற்பாடு. பன்னிரண்டில் கரண்ட் போய்விட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்து பழகியவர்கள் நாம், ஆகவே ஒருவரும் பதறவில்லை. கைவிளக்கில் கணக்குப் பார்த்தோம். பன்னிரண்டில் ஏழு சரி.

“பாதியைவிடக் கூட” என்றார் மச்சான்.

உண்மைதான். ஆனால் ஒன்றுமே கேட்காதவன் கண்ணை மூடிக்கொண்டு ஊகம் சொன்னாலும் பன்னிரண்டில் ஏழோ அதற்கு மேலோ எடுக்க நூற்றுக்கு 39 வாய்ப்பு இருக்கிறது. பத்து எடுத்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு யோசிக்கத் தொடங்கியிருப்பேன். ஏழை வைத்துக்கொண்டு அவர் வென்றார் என்றும் சொல்ல முடியாது, ஒரு வித்தியாசமும் இல்லையென்று நான் நிரூபித்ததாகவும் சொல்ல முடியாது. இருட்டில் இரண்டு பேரும் தேநீர் குடித்தோம்.

அவருக்குக் கேட்டது என்னவென்று பிறகு நானே யோசித்துப் பார்த்தேன். புது வயர் வந்த அன்று அவர் பாட்டுக் கேட்ட விதமே வேறு. மற்ற நாட்களில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க அவர் கணக்குப் புத்தகம் பார்ப்பார், போனில் கதைப்பார். அன்று விசிறியை நிறுத்தி, பிள்ளைகளை அதட்டி, கதிரையை நடுவுக்கு இழுத்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார். இத்தனை காலமும் அந்த ஒலிநாடாவில் இருந்த மூச்சு அன்றுதான் அவர் காதில் விழுந்தது. மூச்சு இருந்தது மெய். அதைக் கொண்டுவந்தது வயரல்ல. இன்னொன்றும் இருக்கலாம். பழைய வயரை வருடக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்து கழற்றி மாட்டும்போது களிம்பு பிடித்த முனைகள் உரசிச் சுத்தமாகும். தளர்ந்த பிளக்கில் பொறி பறந்து கரகரத்துக்கொண்டிருந்த பெட்டி அதனாலேயே அமைதியாகும். அதற்கு 65,000 தேவையில்லை. சுவிட்சை நிறுத்திவிட்டு அதே வயரை நாலு தரம் இழுத்துச் செருகினால் போதும்.

வயர் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. சந்தையில் மூன்று நூறு ரூபாவுக்கு விற்கிற சில வயர்களை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பூசிய வேறேதோ உலோகம், அதுவும் தலைமயிர் போல நாலைந்து இழை. அவை சுடும். தொட்டுச் சூடு தெரிகிற வயரை அன்றே வீசிவிட வேண்டும், அது பாட்டுக்காக அல்ல, வீட்டுக்காக. பாட்டுப் பெட்டிக்குள் இரைச்சல் வருகிறதென்றால் மின்வயரும் பாட்டு வருகிற மெல்லிய வயரும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றனவா என்று பார்த்து விலக்கிவிட வேண்டும். செலவில்லாத வைத்தியம். மலிவான எல்ஈடீ பல்பும் விசிறியின் வேகம் குறைக்கிற திருகியும் போடுகிற இரைச்சலுக்கு, வடிகட்டி வைத்த நீட்டுப் பலகை கொஞ்சம் உதவும். வெறும் தடித்த செம்பு வடிகட்டாது.

படுக்கை விரிப்பைக் கழற்ற அலுமாரிக்குப் பின்னால் போனபோதுதான் நான் அதைக் கண்டேன். பெருவிரல் மொத்த வயரின் பொன்முலாம் பூசிய பிளக் ஒரு நீட்டுப் பலகையில் செருகியிருந்தது. அந்தப் பலகையிலிருந்து சுவருக்குப் போனது இரட்டைக் கம்பி. உயிர்க் கம்பியும் நொதுமல் கம்பியும் மாத்திரம். அதன் இரண்டு உருண்டை முள்ளுகளையும் மூன்று துளையுள்ள சுவர்க்குதையில் ஏற்றுவதற்காக, மேல் துளைக்குள் எழுதி முடிந்த குமிழ்முனைப் பேனையின் குழாய் குத்தியிருந்தது. நம் வீடுகளில் இந்தக் காட்சியைக் காணாதவர் இருக்க மாட்டார்கள். பேனையைப் பல காரியங்களுக்குப் பாவிக்கிற சமூகம் நாம். அந்த மேல் துளைதான் புவிக் கம்பிக்குரியது. அதற்குள் பேனை. ஆக, விலையுயர்ந்த வயருக்குள் பச்சையும் மஞ்சளுமாக ஓடிய மூன்றாவது செம்பு ஒன்றரை மீற்றர் வந்து ஒன்றிலும் தொடாமல் நின்றுவிட்டது.

அம்ப்ளிபயரின் இரும்பு முகத்தைப் புறங்கையால் தடவினேன். எறும்பு ஊர்வது போல் இருந்தது. இரைச்சலை வடிகட்ட உள்ளே வைத்திருக்கிற சிறு கொள்ளளவிகள் புவியைத் தேடுகின்றன. புவி கிடைக்காவிட்டால் பெட்டியின் உடம்பே பாதி வோல்ற்றில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, ஆளைக் கொல்லாது. ஆனால் அதே வீட்டில் புவியில்லாமல் நிற்கிற வேறு சாமான்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

“காக்கா, பிரிஜ்ஜத் தொட்டாலும் இப்பிடித்தான். வெறுங்காலோட நிண்டா சுள்ளெண்டு இழுக்குது. செருப்புப் போட்டுத்தான் திறக்கிறன்” என்றாள் தங்கச்சி. எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கூரை மாற்றின நாளிலிருந்து என்றாள். “செல்லிச் செல்லி அலுத்துப்போச்சி. வயருக்குக் காசு இருக்கு, இதுக்கு இல்ல.”

மச்சான் அந்த இடத்தில் பேசவில்லை.

அடுத்த நாள் கம்பி வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டின் பின்பக்கம் புவிக்கோல் இருந்தது, அதிலிருந்து வருகிற கம்பியைக் கூரை வேலையின்போது யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். கோலும் காய்ந்த கடல்மணலில் நட்டது. மணல் காய்ந்தால் மின்சாரத்துக்கு வழிவிடாது. கிணற்றடி ஈரத்தில் புதுக் கோலொன்று அறைந்து கம்பி இழுத்தோம். ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை அமர்த்தினால் விழவில்லை. அதையும் மாற்றினோம். போகிற மின்னோட்டத்துக்கும் திரும்புகிறதுக்கும் ஓர் அம்பியரின் ஆயிரத்தில் 30 பங்கு வித்தியாசம் வந்தாலே அது விழ வேண்டும். அந்தப் பொத்தானைக் கடைசியாக எப்போது அமர்த்திப் பார்த்தீர்கள் என்று இதை வாசிக்கிறவர்களிடமும் கேட்கிறேன். நீட்டுப் பலகையை வீசிவிட்டு மூன்று கம்பியுள்ளதும் சதுர முள்ளுள்ளதுமான ஒன்று. கோல், கம்பி, சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்தும் அந்த ஒன்றரை மீற்றரின் பாதி விலைக்கு வரவில்லை.

பாட்டுப் போட்டுப் பார்த்தோம். பாட்டு நின்ற இடைவெளிகளில் ஸ்பீக்கருக்குள் முன்பு கேட்ட மெல்லிய ‘ம்ம்ம்’ என்ற சத்தம் குறைந்திருந்தது. இதைச் சோதிக்கப் படுக்கை விரிப்புத் தேவைப்படவில்லை, சமையலறையிலிருந்த தங்கச்சியே சொன்னாள். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு அம்ப்ளிபயரைப் பார்த்தார். இப்போதுதான் அந்த வயர் அதன் வேலையைச் செய்கிறது என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? மகன் தடித்த வயரைக் கழற்றிவிட்டுப் பழையதைச் செருகினான். ‘ம்ம்ம்’ திரும்பி வரவில்லை. மச்சான் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

வயரைத் திருப்பிக் கொடுப்பாரென்று நினைத்தேன், கொடுக்கவில்லை. மிச்சக் காசை இரண்டு தவணையில் கட்டினார். அவருடைய காசு, அவருடைய 14 வருடம். வெள்ளிக்கிழமைகளில் நான் போனால் ஹனிபா பாடிக்கொண்டிருப்பார், மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ‘அந்த மூச்சக் கேட்டீங்களா’ என்பார். கேட்டேன் என்பேன். கேட்கத்தான் செய்கிறது. உள்ளே தங்கச்சி வெறுங்காலோடு நின்று பிரிஜ்ஜைத் திறந்து எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பாள்.